ஒரே தடவையில் ஒரு கிலோ

படியேறும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காபிக்கொட்டை வறுபடும் வாசனை எது, வேகும் வாசனை எது என்று அவள் மூக்குக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நடுமாடியில் ஈரச் சாக்கைத் தீயில் காட்டினாற்போல ஒரு நாற்றம். மேலே அவர்கள் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே அவள் புருஷன் டேபிள் ஃபேனுக்கு முன்னால் சல்லடையை ஆட்டிக்கொண்டு, ஏதோ ஒரு பாட்டை ராகம் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தான்.

“வா, வா. உனக்கு வேலையே வைக்கல. எல்லாத்தையும் முடிச்சாச்சு.”

“எல்லாத்தையும்னா?”

“ஒரு கிலோவும். ஒரே தடவைல. நீ நாலு தடவை அடுப்பு பத்த வெச்சு, நாலு தடவை ஆற வெச்சு, எதுக்கு இந்தப் பாடு? டிரம்முக்குள்ள அவ்வளவு இடம் கிடக்கு.”

இடம் கிடந்தது உண்மைதான். இடம் கிடந்தால் நிரப்பிவிட வேண்டும் என்று நினைக்கிற ஜென்மம் அது. பீரோவானாலும் சரி, அடுத்தவர் பேச்சில் விழும் இடைவெளியானாலும் சரி.

அந்த டிரம் கடையில் வாங்கினதில்லை. அவளே செய்தது. மிக்ஸி, ஃபேன், வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. பெரிய எவர்சில்வர் வடிகட்டிகள் இரண்டை வாயோடு வாய் வைத்துத் திருகி, நடுவில் கம்பி செருகி, உடைசலுக்குப் போன காரின் வைப்பர் மோட்டாரை அதில் மாட்டியிருந்தாள். உள்பக்கம் நாலு கரண்டிகளை வளைத்துப் பொருத்தியிருந்தாள், கொட்டையை வாரி மேலே கொண்டுபோய்க் கொட்டுவதற்கு. அடியில் ஒற்றை கேஸ் அடுப்பு. பால்கனி மூலையில் அது உட்கார்ந்திருக்கும் அழகைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அதற்குள் எவ்வளவு போட வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் அவள் படாத பாடு பட்டாள். ஒரு கைப்பிடி போட்டால் கொட்டை சும்மா டிரம்மில் உரசி உரசி அங்கங்கே தீய்ந்துபோகும். அரைக் கிலோ போட்டால் மொத்தமும் ஒரே கட்டியாகப் புரளும், நடுவில் இருப்பதற்குச் சூடே எட்டாது. சூடு எட்டவில்லையே என்று தீயைக் கூட்டினால் மேலே கரி, உள்ளே பச்சை. கால் கிலோ போட்டால் மட்டும் ஒவ்வொரு கொட்டையும் கரண்டி ஏறி, காற்றில் தனியாக ஒரு கணம் விழும். கடுகு வெடிக்கிற மாதிரி படபடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக அவள் கரியாக்கின கொட்டைக்குக் கணக்கில்லை. நாத்தனார் அவளுக்கு ‘கருக்கி’ என்று பேரே வைத்துவிட்டாள். புருஷனும் குஷியாக இருந்தால் அப்படித்தான் கூப்பிடுவான்.

அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவன் வேலை பார்க்கும் ஃபிரிட்ஜ் ஷோரூமில் வாய் ஓயாத அவனுக்கு ‘மைக்’ என்று பேர். மனைவி வறுத்த காபித்தூளைப் பொட்டலம் கட்டி அங்கே கொண்டுபோய் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தான். முதலில் ‘எங்க வீட்ல வறுத்தது’ என்றான். அப்புறம் ‘நாங்க வறுத்தது’. பிறகு கூசாமல் ‘நான்தாங்க வறுக்கறேன்’. டிரம் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம் ஒன்று வேறு அவன் போனில் இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டாள். “நீ வேற நான் வேறயா?” என்றான் அவன். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் சொன்னவள்தான் கெட்டவள். அன்றைக்கு எழுந்து டிரம்மைத் துடைக்கப் போய்விட்டாள்.

அந்தப் பொட்டலங்களில் ஒன்று, ரெண்டு தெரு தள்ளி காபிக்கடை வைத்திருக்கும், ஃபிரிட்ஜ் பார்க்க வந்த ஒரு அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. கடைக்காரம்மா ஃபிரிட்ஜை மறந்துவிட்டுத் தூளைப் பற்றியே கேட்டாள். ஒன்றேகால் கிலோ பச்சைக் கொட்டையையும் கொடுத்தனுப்பினாள். வறுத்து வையுங்கள், ஞாயிறு வந்து குடித்துப் பார்க்கிறேன், பிடித்தால் இனிமேல் என் கடைக்கு நீங்கள்தான் வறுத்துத் தரணும் என்றாள்.

பகலெல்லாம் கருகின மோட்டார் காயிலை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு இது சின்ன விஷயமில்லை. கடைக்கு வருகிற நாலு பேர் ஒரு வாய் குடித்துவிட்டு, யார் வறுத்தது என்று கேட்க வேண்டும், இவள்தான் என்று ஒருத்தர் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து கால் கிலோவை மட்டும் வறுத்துப் பார்த்தாள். அருமையாக வந்தது. வறுத்த கொட்டை ரெண்டு நாள் கிடந்தால்தான் ருசி நிற்கும் என்பதால் அதை டப்பாவில் போட்டு மேல்தட்டில் வைத்தாள். மிச்சம் ஒரு கிலோவைச் சனிக்கிழமை வறுக்கலாம் என்றிருந்தபோது பட்டறையில் அவசரம் என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

போய்விட்டு வந்த லட்சணம்தான் இது.

சல்லடையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து நகத்தால் பிளந்தாள். மேலே கறுப்பு, உள்ளே வெளிறிக் கிடந்தது.

“நல்லா கறுப்பா வந்திருக்கு பாத்தியா?” என்றான் அவன்.

“உள்ள வேகவே இல்ல. மேல தீஞ்சிருக்கு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கால் கிலோவுக்கு மேல போடக்கூடாதுன்னு?”

“ஆரம்பிச்சிட்டியா. உதவி செஞ்சா உதவின்னு எடுத்துக்கத் தெரியணும்.”

“நாளைக்கு அந்தம்மாவுக்கு இதக் குடுக்காதீங்க. மேல்தட்டுல டப்பா இருக்கு, நான் அதுல போட்டுத் தரேன்.”

“நான் செஞ்சத குப்பைல கொட்டச் சொல்றியா? பால் சக்கர போட்டு இப்பதான் குடிச்சேன். நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு.”

பாலும் சர்க்கரையும் அள்ளிப் போட்டால் செங்கல் பொடிகூட ஸ்ட்ராங்காகத்தான் இருக்கும். அவளுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. கத்தினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கொட்டைத் தோல் சருகு அடைத்துக் கிடந்த டிரம்மைக் கழற்றித் துடைத்தாள். ஒரு கரண்டி பிய்ந்து தொங்கியது. அதைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. அழவில்லை.

ஞாயிறு மாலை கடைக்காரம்மா வந்தாள். நரைத்த முடி, கழுத்தில் கயிற்றோடு தொங்கும் கண்ணாடி, அளந்து பேசும் வாய். இவள் அடுப்படிக்குத் திரும்புவதற்குள் மைக் முந்திக்கொண்டான்.

“நீ உக்காரு. நானே போட்டுக் குடுக்கறேன்.”

எந்தக் கொட்டையை எடுத்தான் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரம்மா பால் வேண்டாம் என்றாள். அப்போதே அவன் முகம் கொஞ்சம் மாறியது. அவள் ஒரு வாய் குடித்தாள். விழுங்கச் சிரமப்பட்டு விழுங்கினாள். கோப்பையைக் கீழே வைத்து, விரலால் கொஞ்சம் தள்ளியும் வைத்தாள்.

“இத வறுத்தது யாரு?”

ஒரு மாதமாக ஊரெல்லாம் ‘நான், நான்’ என்று முழங்கின வாய் இப்போது மனைவி பக்கம் திரும்பியது.

“இவதாங்க. நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன், கொஞ்சம் கொஞ்சமா போடு, கால் கிலோவுக்கு மேல தாங்காதுன்னு. கேட்டாத்தானே.”

பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை. அந்தக் கால் கிலோ அவளுடையது. எத்தனையோ நாள் கையைச் சுட்டுக்கொண்டு, கருக்கி என்று பேர் வாங்கிக்கொண்டு கண்டுபிடித்தது. அதையும் திருடி, அவள் தலையிலேயே போட்டு அடித்திருந்தான். உடம்பெல்லாம் நெருப்பாக எரிந்தது. மரியாதை, மானம், பக்கத்து வீடு எல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று எழுந்தாள்.

மேல்தட்டு டப்பாவை எடுத்து, கொட்டையை அரைத்து, வெந்நீர் ஊற்றி இறக்கினாள். அவன் பின்னாலேயே வந்து, “இப்ப எதுக்கு இது, அவங்க கிளம்பணும்” என்று காதில் ஓதினான். அவள் காதில் வாங்கவில்லை. புதுக் கோப்பையைக் கடைக்காரம்மா கையில் கொடுத்தாள்.

கடைக்காரம்மா குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கோப்பைக்குள் பார்த்தாள்.

“இதுவும் நான் குடுத்த கொட்டைதானா?”

“உங்க கொட்டைதாம்மா. இது நான் வறுத்தது, கால் கிலோவா போட்டு. முதல்ல குடிச்சீங்களே, அது இவரு வறுத்தது. மிச்சம் ஒரு கிலோவையும் ஒரே தடவைல போட்டுட்டாரு.” இரண்டிலும் ஒவ்வொரு கொட்டையைப் பிளந்து கடைக்காரம்மா உள்ளங்கையில் வைத்தாள். “நீங்களே பாருங்க.”

கடைக்காரம்மா பார்த்தாள். அப்புறம் மைக்கைப் பார்த்தாள். அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“எனக்கு வாரத்துக்கு அஞ்சு கிலோ வேணும்,” என்றாள் கடைக்காரம்மா. “முடியுமா?”

“முடியுங்க,” என்று அவன் மறுபடியும் உயிர் பெற்றான். “டிரம்ம பெருசா பண்ணிடலாம், நான் ஒரு ஆள்கிட்ட...”

“ரெண்டு கிலோ தரேன்,” என்றாள் அவள். “கால் கிலோ போடுவேன். அது ஆறினதும் இன்னொரு கால் கிலோ. அதுக்கு மேல எனக்கு முடியாதும்மா.”

“ரெண்டு கிலோவே குடு. போன் நம்பர் சொல்லு. அவரோடது வேண்டாம், உன்னோடது.”

கடைக்காரம்மா இறங்கிப்போனாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவன் மெதுவாக அடுப்படிப் பக்கம் வந்தான். முகத்தில் சிரிப்பைக்கூட வரவழைத்திருந்தான்.

“எப்படியோ, நம்ம காபி கடைக்குப் போகப்போகுது. அத விட்டுட்டு மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு. நீ வேற நான் வேறயா?”

“வேறதான்,” என்றாள் அவள்.

அவன் வறுத்த கொட்டை முழுவதையும் பெரிய டப்பாவில் கொட்டி, அமுக்கி மூடி, அவன் கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டில் வைத்தாள்.

“கடைக்குப் போறது என் காபி. உங்க காபி இதுல இருக்கு. தீர்ற வரைக்கும் காலைலயும் சாயங்காலமும் இதான் உங்களுக்கு. பாலும் கிடையாது, சக்கரையும் கிடையாது. யாராவது கேட்டா, நான் வறுத்ததுன்னு தாராளமா சொல்லிக்குங்க.”

மறுநாள் காலை அவன் முன்னால் கோப்பை இருந்தது. அவள் பட்டறைக்குக் கிளம்பாமல் எதிரே உட்கார்ந்து, அவன் குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.