தவுக்கே வாயைத் திறக்கவில்லை

அப்பா விழுந்த அன்று காலை மீன் வாயை மூடிக்கொண்டது.

நான் அடுக்களையில் இருந்தேன். கூடத்தில் தொட்டியின் மூடி விலகும் சத்தம் கேட்டது. பிறகு கனமான எதுவோ தரையில் சரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பா தொட்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். அவர் விரல்களுக்கிடையில், தலைமுள் கிள்ளிய இறால் ஒன்று இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. மேலே, தண்ணீரின் விளிம்பில், மீன் அசையாமல் நின்றது. இறாலை வாங்க எழும்பிய மீன் அப்படியே நின்றுவிட்டது போலத் தோன்றியது. அதன் வாய் இறுக மூடியிருந்தது.

அது சிவப்பு அரோவானா. முழங்கையிலிருந்து விரல் நுனியைத் தாண்டும் நீளம். அப்பா அதைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பொந்தியானாக் நகரத்தில் ஒவ்வொருவருக்கும் மேலே ஒரு முதலாளி, ஒரு தவுக்கே உண்டு. எனக்கு இவர், என்று சிரிப்பார். அவரே கையால் ஊட்டிவிட்டு வந்திருந்தாலும், தன் சோற்றில் கை வைக்கும் முன் ஒருமுறை கேட்பார்: "தவுக்கே சாப்பிட்டாரா?" நான் "ஆச்சுப்பா" என்று சொன்ன பிறகுதான் முதல் கவளம்.

மூளையில் சின்ன அடைப்பு, கரைந்துவிட்டது, என்று சொல்லி மருத்துவமனையில் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். கை கால் நன்றாக இருந்தது. நடக்க வைத்தால் நடந்தார். உட்கார வைத்தால் உட்கார்ந்தார். ஊட்டினால் விழுங்கினார். பேச்சு மட்டும் இல்லை. பேச்சுக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஆளும் இல்லை. மருத்துவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். யாரும் குடியில்லாத வீட்டிலும் சன்னல்கள் சரியாகத்தான் இருக்கும்.

அண்ணன் தியோங் மட்டும் சந்தோஷமாக இருந்தான். அவனுக்கு நான் மோய், தங்கை; எனக்கு அவன் ஹியா, அண்ணன்.

"பாத்தியா மோய், கஞ்சிய எப்படிக் குடிக்கிறாருன்னு! அங்க தவுக்கே பட்டினி, இங்க இவருக்குப் பசி. அது தாங்கிக்கிச்சு."

"பசிச்சா குடிக்கிறாரு ஹியா? கரண்டி வந்தா வாயத் தொறக்குறாரு."

"ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு சொட்டை சொல்லணும்."

வீட்டுக்கு வரும் கெட்டதை அரோவானா தன் மேல் வாங்கிக்கொள்ளும் என்பது எங்கள் தெருவில் யாரும் வாதாடாத விஷயம். அது செத்தால் அழமாட்டார்கள். சிவப்புத் துணியில் சுற்றி, நன்றி சொல்லிப் புதைப்பார்கள். அண்ணி மெய் லான் துணியைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

"நல்ல துணி. தெரச்சீலைக்குன்னு வாங்குனது."

"எங்கம்மா படத்துக்கு ஒரு நாளாவது இப்படித் துணி எடுத்திருப்பியா நீ?" என்றான் தியோங்.

"ஒங்கம்மா எனக்காக எதத் தாங்குனாங்க? நாந்தான் அவங்களத் தாங்குனேன்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவன் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "எறால காட்டி ஆசை மூட்டாத. அது கெடந்து போவட்டும். போனாத்தான் இவரு எந்திரிப்பாரு."

கடையில் படகு எஞ்சின்களுக்கு நடுவே அவனுக்கு நாள் ஓடியது. எனக்குக் கூடத்தில்தான் வேலை. ஒரு பக்கம் அப்பாவின் நாற்காலி, எதிரே தொட்டி. நடுவே நான். அப்படி உட்கார்ந்தே பகல்கள் போயின. யாரும் பேசாத கூடத்தில் முதலில் தொட்டி மோட்டாரின் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் கேட்காமல் போகும். அதற்குப் பிறகு ஒன்று வரும். அதைச் சத்தம் என்றும் சொல்ல முடியாது.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் மீனின் தொண்டையைக் கவனித்தேன்.

தாடைக்குக் கீழே பை போலத் தொங்கியது. பட்டினி கிடக்கும் மீனுக்குத் தொண்டை ஒட்டிப்போக வேண்டும். இதற்கு உப்பியிருந்தது. அவ்வப்போது தாடை மெல்ல அசைந்தது. உள்ளே எதையோ நோகாமல் புரட்டிப் போடுவது போன்ற அசைவு.

எனக்கு அந்த அசைவு தெரியும். அப்பா ஆற்றின் மேற்கரையில் அரோவானா குளங்களைப் பார்த்துக்கொண்ட காலத்தில் நான் அவரோடு வளர்ந்தவள். தியோங் படிப்புக்காக நகரத்தில் மாமா வீட்டில் இருந்தான். பெண் மீன் முட்டையிட்டதும் ஆண் மீன் அத்தனையையும் வாயில் அள்ளிக்கொள்ளும். குஞ்சு பொரிந்து நீந்தும்வரை வாயைத் திறக்காது, இரையைத் திரும்பிப் பார்க்காது. குஞ்சு வாயிலிருக்கும் அந்த நாட்களில் குளத்தங்கரையில் எல்லாரும் வெறுங்காலோடுதான் நடப்பார்கள். வாளியைக் கீழே வைக்கக்கூட இரண்டு கை வேண்டும். புத்தாண்டுக்கு ஒரு பட்டாசு வெடிக்க அப்பா விட்டதில்லை. மிரண்டால் அது குஞ்சுகளை விழுங்கிவிடும்.

இந்தத் தொட்டியில் பெண் மீன் எப்போதும் இருந்ததில்லை.

நான் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. "அப்பா" என்றேன்.

நாற்காலியில் இருந்த தலை அசையவில்லை. மீன் திரும்பியது.

நீரின் மறுகோடியில் வால் காட்டி நின்ற அது, முழு உடம்பையும் வளைத்துத் திரும்பி, கண்ணாடி அருகே வந்து என்னைப் பார்த்தது. தாடை ஒருமுறை அசைந்தது. அதே நேரம் அப்பாவின் உதடுகளும் அசைந்தன.

மறுநாளும் கூப்பிட்டுப் பார்த்தேன். இடம் மாறி நின்று, குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டேன். வேறு பெயர்களைச் சொல்லியும் பார்த்தேன். வேறு எதற்கும் அது திரும்பவில்லை.

அவர் விழுந்த கணத்தில் ஏதோ ஒன்று அவரை விட்டுத் தண்ணீரில் விழுந்திருக்கிறது. மீன் அதைக் கீழே போகவிடாமல் வாயில் பிடித்திருக்கிறது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் அடுத்த ஆஸ்பத்திரி எனக்கு என்று தியோங் சொல்வான். ஆனால் எனக்குப் பயம் வேறு. மீன் பசியில் செத்தால் வாயிலிருப்பதும் அதோடு போகும். சிவப்புத் துணியில் சுற்றி அப்பாவையே புதைத்துவிடுவோம்.

அப்போதுதான் தியோங் கடையிலிருந்து கூவிக்கொண்டு வந்தான்.

"மோய்! பௌர்ணமித் திருவிழாவுக்கு டிராகன் ஆட்டம் நம்ம வீட்டுக்கு வருது! சங்கத்துல பேசிட்டேன். நேரா கூடத்துக்கே வந்து அப்பாவச் சுத்தி ஆடப்போவுது. வாசல்ல மூணு மாடி ஒசரத்துக்குப் பட்டாசு தொங்க விடுறேன். இருக்குற பீடையெல்லாம் ஆத்துக்கு அந்தாண்ட ஓடணும்."

"பட்டாசு வேணாம் ஹியா."

"பட்டாசு இல்லாம டிராகனா? உப்பு இல்லாம சோறு திங்கச் சொல்லுவியா நீ?"

"மீன் மெரளும்."

"மெரளட்டுமே. இன்னும் சீக்கிரமா போய்ச் சேரும்."

"அது போனா அப்பாவும் போயிடுவாரு."

அவன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "நீ ரொம்ப நேரம் அந்தத் தொட்டி முன்னாடியே ஒக்காந்திருக்க. கொஞ்சம் வெளிய போய் நாலு பேரப் பாரு." அதட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னான். அவனும் அப்பா எழுந்துவிட வேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தான்.

திருவிழா அன்று தெரு முழுக்கப் புகையும் சிவப்புக் காகிதமுமாக இருந்தது. தியோங்கும் அண்ணியும் டிராகனை எதிர்கொள்ளத் தெருமுனைக்குப் போயிருந்தார்கள். மேளம் தூரத்தில்தான் கேட்டது. கடைக்குக் கடை நின்றுதான் வரும். எங்களுக்கு முன்னால் இன்னும் பல கடைகள் இருந்தன.

நான் கதவுகளைச் சாத்தினேன். குளத்தில் மீனின் வாயைத் திறந்து குஞ்சுகளை எடுக்க அப்பா செய்வது போலவே, பருத்தித் துணியை நனைத்தேன். அலுமினியப் பேசினில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, அப்பாவை எழுப்பித் தொட்டியருகே நிறுத்தி, அவர் கைகளில் கொடுத்தேன். எதைக் கொடுத்தாலும் பிடித்துக்கொள்வார்.

முக்காலியில் ஏறி மூடியை முழுவதும் தள்ளினேன். துணியை மீனின் வயிற்றுக்குக் கீழே விட்டுத் தூக்கினேன். அது திமிறவில்லை. குளத்தில் அப்பாவின் கைக்குள் வரும் மீன்களும் இப்படித்தான், வேண்டிக்கொண்டது போல வந்து கிடக்கும். தலையை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவந்து பேசின் பக்கம் சாய்த்தேன். தொண்டைப் பை என் உள்ளங்கையில் படிந்தது. மீனுக்குக் குளிர்ந்த உடம்பு. அந்த இடம் மட்டும் சூடாக இருந்தது.

கீழ்த்தாடையில் கட்டைவிரலை வைத்தேன். அழுத்தக் கூடாது. அதுவாக விடும்வரை காத்திருக்க வேண்டும். மூச்சை நிறுத்தினேன். தாடை ஓர் அரிசி அகலம் விலகியது. ஒரு சொட்டுத் தண்ணீர் பேசினில் விழுந்தது.

"மெதுவா" என்றார் அப்பா.

நான் திரும்பவில்லை. திரும்பினால் கை அசையும். அது குளத்தங்கரைக் குரல். தண்ணீருக்குக் கேட்காமல் எனக்கு மட்டும் கேட்கும்படி பேசும் குரல். இன்னோர் அரிசி அகலம் திறந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது.

"லி ஃபன்."

"இங்கதாம்பா இருக்கேன்."

"தவுக்கே சாப்பிட்டாரா?"

"இன்னும் இல்லப்பா" என்றேன். என் கண்ணீர் தொட்டியில் விழாமல் இருக்க முகத்தை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டேன். "இப்பக் குடுத்துடலாம். கொஞ்சம் பொறுங்க."

வாசலில் தியோங் என் பெயரைச் சொல்லிக் கத்தினான். கதவை ஏன் சாத்தினாய் என்று கேட்டிருக்கலாம். மேளம் எங்கள் வீட்டு முன்னால் இருந்தது. எப்போது அங்கே வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த கடைகள் எல்லாம் என்ன ஆயின? மூன்று மாடி உயரப் பட்டாசு அடியிலிருந்து பற்றிக்கொண்டது.

மீன் மிரண்டது. துள்ளக்கூட இல்லை. என் உள்ளங்கையில் அந்தத் தொண்டை ஒருமுறை சுருங்கி விரிந்தது. ஒரே ஒரு விழுங்கல். சூடான ஏதோ ஒன்று என் கையைத் தாண்டி உள்ளே இறங்குவதை உணர்ந்தேன். அதன் பிறகு அந்த இடமும் மற்ற உடம்பைப் போலக் குளிர்ந்துவிட்டது.

பின்னால் பேசின் தரையில் விழுந்தது.

தியோங் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் புகையும், புகைக்குள்ளிருந்து டிராகனின் பெரிய தலையும் நுழைந்தன. அது அப்பாவைச் சுற்றி ஆடியது. நான் மீனை நீரில் விட்டேன். அது நேராக மேலே வந்து வாயை அகலத் திறந்தது.

"தவுக்கே வாயத் தொறந்துட்டாரு!" என்று தியோங் கத்தினான். "மெய் லான், எறால எடுத்துட்டு வா! பீடை போச்சு!"

கொண்டுவந்த அத்தனை இறாலையும் மீன் தின்றது. தலைமுள்ளைக் கிள்ள யாருக்கும் நேரமில்லை.

கூட்டம் போன பிறகு, அப்பா பேசினார் என்று தியோங்கிடம் சொன்னேன்.

"நெஜமாவா? என்ன சொன்னாரு?"

"தவுக்கே சாப்பிட்டாரான்னு கேட்டாரு."

அவன் சிரித்தான். சிரிக்கும்போதே அழுதான். "பின்ன வேற என்ன கேப்பாரு அந்த மனுசன்! இனிமே தெனம் பேசுவாரு பாரு." என் கை உணர்ந்ததை அவனிடம் சொல்லவில்லை. அன்று தெருவில் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தான். அண்ணி சிவப்புத் துணியைத் திரைச்சீலையாகவே தைத்துவிட்டாள். அது இப்போது கூடத்துச் சன்னலில் தொங்குகிறது. மத்தியானங்களில் தொட்டியும் நாற்காலியும் அதன் நிறத்தில் இருக்கின்றன.

இரண்டு பேருக்கும் நான்தான் ஊட்டுகிறேன். ஒரு கையில் இறால் கிண்ணம், ஒரு கையில் கஞ்சிக் கிண்ணம். நடுவில் நின்று முதலில் "அப்பா" என்று கூப்பிடுவேன். கொஞ்ச நேரம் காத்திருப்பேன்.

யாரும் திரும்புவதில்லை. என் கைகள் உயர்வதைப் பார்த்ததும் இரண்டு வாய்களும் திறக்கின்றன. அப்பாவின் வழக்கப்படி தவுக்கேவுக்கு முதலில் கொடுக்கிறேன்.