நிலாத்துறை பார்க்க வந்த வெள்ளவத்தைக்காரர்

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் ஒழுங்கைக்குள் வெள்ளிநிறக் குடை ஒன்று நுழையும். குடைக்குக் கீழே ஷெல்டன். அவனுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். மழையும் இருக்காது, வெயிலும் தாழ்ந்திருக்கும். பின்னால் வருகிறவர்கள் தொலைந்துபோகாமல் இருக்கத்தான் குடையாம். கொட்டாஞ்சேனையில், ஆறடி அகல ஒழுங்கைக்குள் தொலைந்துபோவதற்குத் தனித்திறமை வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் கனடாவிலிருந்து சில தமிழ்ப் பிள்ளைகள் கமராக்களோடு வந்து இங்கே 'நிலாத்துறை' என்றொரு தொடர் எடுத்தார்கள். இருநூறு வருடம் கழித்து நிலாவில் ஒரு துறைமுகம், அங்கேயும் தமிழர்கள் மூட்டை தூக்குகிறார்கள், அதுதான் கதை. நிலாவுக்கு அவர்கள் தேடிப் பிடித்த இடம் எங்கள் ஒழுங்கை. சுண்ணாம்பு உதிர்ந்த மதில்கள், கூரைக்கு மேலே தெரியும் துறைமுகத்துக் கிரேன்கள், கறுத்துப்போன தண்ணீர்த் தாங்கிகள் எல்லாம் ஒரு மாற்றமும் செய்யாமலே போதுமாக இருந்தனவாம். இதற்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று ஒழுங்கைச் சனம் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் தொடர் வெளிநாட்டுப் பிள்ளைகளிடையே நன்றாக ஓடியது. ஓகஸ்ட் விடுமுறைக்கு வருகிறவர்கள், அதை எடுத்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். ஷெல்டனுக்கு ஒரு பிழைப்புக் கிடைத்தது.

ஷெல்டனும் அதில் நடித்தவன்தான். நாலு காட்சியில் மூட்டையோடு நடந்து போகிறான். தலையில் கண்ணாடிக் கவசம் என்பதால் முகம் தெரியாது. நடை அவனுடையதுதான் என்று அவன் தாய் மட்டும் உறுதியாகச் சொல்கிறாள்.

அவன் நடத்தும் இந்த நடைப் பயணத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. 'கதையில்' என்ற சொல்லை அவன் வாயில் எடுக்கவே மாட்டான். "இந்த மதிலுக்குப் பின்னாலதான் தளபதியைச் சுட்டாங்க" என்பான், நேற்று நடந்ததுபோல. "நாடகம் எண்டு ஞாபகம் வந்திட்டா ஆக்களுக்கு மதில் மட்டும்தான் தெரியும் அன்ரி" என்று எனக்கு விளக்கம் சொன்னவன். அது சரிதான். அந்த மதிலை நான் முப்பது வருடமாகப் பார்க்கிறேன்.

நடையின் மூன்றாவது இடம், எனக்கு முன்வீடு. பச்சைக் கேற்றுப் போட்ட யூஜினாவின் வீடு. தொடரில் அது டொக்டர் மதுராவின் வீடு. உண்மையில் அங்கே இருப்பவர்கள் யூஜினாவும் அவளுடைய ஒரே மகள் டில்ஷானியும். தகப்பன் பேர்னாட்டுக்குக் கப்பலில் வேலை, வருடத்துக்கு ஒருதரம் வருவான்.

டில்ஷானி வெள்ளவத்தையில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிறாள். அங்கே கூட வேலை செய்யும் சுகிர்தனுக்கும் அவளுக்கும் இரண்டு வருடமாகப் பழக்கம். அவனுடையது யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். அவன் ஒருவழியாக வீட்டில் வாய் திறந்தபோது, தாய் தகப்பன் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறம்" என்றார்களாம். அவனுடைய தாய் தகப்பன் சம்மதிக்காமல் களவாகப் போய்க் கலியாணக் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று டில்ஷானி முதலே சொல்லிவிட்டாள். ஆகவே எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

விசாரிப்பு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் வந்து, பக்கத்தில் வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்பார். தண்ணீர் குடிப்பார். பிறகு, "முன்வீட்டுப் பிள்ளை எங்கயோ வேலை செய்யுது போல?" என்று தொடங்குவார். இந்த ஒழுங்கையில் அப்படி வருகிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள். இதுவரை ஒன்பது பேருக்கு விசாரிப்புச் சொல்லியிருக்கிறேன். எட்டுக் கலியாணம் நடந்தது. ஒன்பதாவதுக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

டில்ஷானி நான் தூக்கி வளர்த்த பிள்ளை. வருகிறவர்களுக்கென்று நல்ல பிஸ்கட் பெட்டியாக வாங்கிவைத்துக்கொண்டு இரண்டு கிழமை காத்திருந்தேன். ஒரு காகம்கூட எட்டிப்பார்க்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு ஷெல்டனின் கூட்டத்தில் இரண்டு புது ஆட்கள். மற்றவர்கள் வெள்ளிநிறச் சட்டை போட்ட கனடாப் பிள்ளைகள். இவர்களோ அறுபது தாண்டிய ஒரு ஐயாவும் அம்மாவும். ஐயா மடிப்புக் குலையாத முழுக்கைச் சட்டை. அம்மா நெற்றியில் பெரிய பொட்டு, தாலிக்கொடி, சேலைக்குக் கீழே ஓட்டப் பந்தயக்காரரின் சப்பாத்து. குடை காட்டிய பக்கம் எல்லோரும் பார்க்க, இவர்கள் மட்டும் கழிவுநீர்க் கானைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், வீட்டு இலக்கங்களைப் பார்த்தார்கள். பிள்ளைகளைப் பார்க்க வந்த இடத்தில் பேரன்மார் இழுத்துக்கொண்டு வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். என் மூளை அன்று அவ்வளவுதான் வேலை செய்தது.

பச்சைக் கேற்றடியில் பிள்ளைகள் படம் எடுக்க முண்டியடிக்கும் நேரம் பார்த்து, அந்த ஐயா ஷெல்டனை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். ஒரு பக்கம் என்றால் என் யன்னலடி.

"தம்பி, இந்த வீட்டில இருக்கிற பிள்ளை, ஆள் எப்பிடி?"

ஷெல்டன் பெருமூச்சு விட்டான். இதெல்லாம் அவன் பழகிவைத்திருப்பது. "அழகு, படிப்பு ஒண்டிலயும் குறை சொல்ல ஏலாது அங்கிள்."

"குணம்?"

"அதை மட்டும் என்னட்டக் கேக்காதீங்க."

அம்மாவும் கிட்ட வந்துவிட்டார். "ஏன் தம்பி? சும்மா சொல்லுங்கோ."

"முதல்ல ஒருத்தர் இருந்தார். மூட்டைத் தொழிலாளர் சங்கத் தலைவர். தங்கமான மனுஷன். அவரை மேல அனுப்பிட்டாங்க."

"மேலயோ?"

ஷெல்டன் குடையால் ஆகாயத்தைக் காட்டினான். "பிறகு ரெண்டாவது ஆள். அவரும் அதே வழி. இப்ப மூணாவதா ஒரு பையன். பாவம், அவனுக்கு ஒண்டும் தெரியாது."

"தாய்க்காரி?" என்றார் ஐயா.

"தாயா? எல்லாத்துக்கும் மூளையே தாய்தானே அங்கிள்."

முதலாவது சீசனை நான் இரண்டுதரம் பார்த்தவள்; டொக்டர் மதுரா தன் காதலர்களை மேல்மாடிப் படியால் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுவது எனக்குத் தெரியும். ஆகவே யன்னலுக்குப் பின்னால் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அந்த இருவரும் நாலாவது இடத்துக்குப் போகவில்லை. ஒழுங்கை முனையில் த்ரீவீல் ஒன்றை மறித்து, "மல்லி, வெள்ளவத்த யமுத?" என்று, வெள்ளவத்தைக்குப் போவமா என ஐயா சிங்களத்தில் கேட்டது காதில் விழுந்தது. வெள்ளவத்தையிலிருந்தும் இதைப் பார்க்க வருகிறார்களே என்று ஆச்சரியப்பட்டு, தேத்தண்ணீர் வைக்கப் போனேன்.

திங்கட்கிழமை சுகிர்தன் வீட்டில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. டில்ஷானி மூன்று நாள் கந்தோருக்குப் போகவில்லை. யூஜினாவின் வீட்டில் றேடியோ பாடவில்லை, மீன்காரனோடு சண்டை நடக்கவில்லை. எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வியாழக்கிழமைதான் சுகிர்தனின் தாய்க்காரி மகனிடம் அரைகுறையாக ஏதோ சொல்லியிருக்கிறாள். அன்று பின்னேரம் யூஜினா என் வாசலில் வந்து நின்றாள்.

"றோஸி, உனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"என்னடி கதைக்கிற?"

"என்ட பிள்ளை ரெண்டு பேரை வச்சிருந்து விட்டவளாம். நான்தான் மூளையாம். இந்த ஒழுங்கையில இப்படிக் கதை சொல்ல உன்னைவிட்டா யார் இருக்கா?"

"என்னட்ட ஒருத்தரும் வரவே இல்லை! வந்திருந்தா இந்த வில்லங்கமே வந்திராது."

"முதல் ஆளை மேல அனுப்பினாளாம். என்ன கதை அது, மேல அனுப்பினது?"

அப்போதுதான் எனக்கு அந்தச் சப்பாத்து ஞாபகம் வந்தது. யூஜினாவைக் கதிரையில் இருத்திவிட்டு, ஷெல்டனுக்குப் போன் அடித்தேன். வந்தான். கேட்டான். அப்படியே படியில் குந்திவிட்டான்.

"மாதாவே! நான் டொக்டர் மதுராவைத்தானே சொன்னேன்?"

பிறகு சுகிர்தன் மூலம் மிச்சமும் தெரிந்தது. தகப்பன் இரத்தினசிங்கம் ஓய்வுபெற்ற பாடசாலைப் பரிசோதகர். சேவைக் காலம் முழுவதும் சொல்லாமல் கொள்ளாமல் போய்த்தான் பள்ளிக்கூடங்களைப் பார்த்தாராம். 'கொட்டாஞ்சேனையில் நிலாத்துறை நடை' என்ற விளம்பரத்தை முகநூலில் கண்டதும், "நிலாத்துறை, அது அந்த இடத்துப் பழைய பேராயிருக்கும். கூட்டத்தோட கூட்டமாய்ப் போய்ப் பாத்திட்டு வரலாம்" என்று மனைவி பத்மாவதியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். மதிலடியில் தளபதியைச் சுட்டார்கள் என்றபோதும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. இந்த நாட்டில் அதற்கெல்லாம் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

சொல்லி விளங்கப்படுத்தினால் முடிந்துவிடும் என்று நினைத்தோம். சுகிர்தன் தகப்பனிடம் போய், அந்த வழிகாட்டி சொன்னது நாடகக் கதை என்றான்.

"எந்த வழிகாட்டி?" என்றாராம் தகப்பன். "நாங்கள் கொட்டாஞ்சேனைப் பக்கமே போகேல்லையே."

தாயும் தலையாட்டினாராம். வேவு பார்க்கப் போனதை மகன் முன்னால் ஒத்துக்கொள்வதைவிட, ஒரு சம்பந்தத்தை விடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நானும் யன்னலை விட்டு நகராதவள்தான்.

"வரவே இல்லை எண்டுற ஆக்களுக்கு எதை அன்ரி விளங்கப்படுத்துறது?" என்று டில்ஷானி கேட்டாள். அழுகை முடிந்து, முகம் வீங்கிப்போய் இருந்தது. "விட்டிடுவம். அவரையும் காத்துக்கொண்டு நிக்கச் சொல்ல எனக்கு விருப்பமில்லை."

"கொஞ்சம் பொறு" என்றேன். "ஷெல்டன், உன்ட புத்தகத்தில அவங்கட பேர் இருக்குதா?"

இருந்தது. வி. இரத்தினசிங்கம், இருவர், கைத்தொலைபேசி இலக்கம். களவாக வந்த மனுஷன் சொந்தப் பேரையே கொடுத்திருந்தார். பரிசோதகர் இல்லையா, எங்கு போனாலும் கையெழுத்து வைத்துப் பழகியவர்.

எல்லோருக்கும் அனுப்புவதுபோல ஒரு செய்தியை நான் சொல்லச் சொல்ல ஷெல்டன் எழுதினான்: "அன்பார்ந்த பயணிகளுக்கு, சென்ற ஞாயிறு காட்டிய இடங்களை நிலாத்துறை தொடரின் மூன்றாம், நான்காம் எபிசோட்களில் கண்டு மகிழலாம். பச்சைக் கேற் வீடு எபிசோட் மூன்றில் பதினோராவது நிமிடத்தில் வரும்." கீழே தொடரைப் பார்க்கும் இணைப்பு. ஒரே ஒரு இலக்கத்துக்கு மட்டும் அனுப்பினோம். சற்று நேரத்தில் இரண்டு நீலச் சரி விழுந்தது. பதில் இல்லை.

வெள்ளி இரவு தகப்பன் மகனைக் கூப்பிட்டு, போனில் ஓடுவதை ரீவியில் பார்ப்பது எப்படி என்று கேட்டாராம். எதற்கு என்றதற்கு, "செய்தி பாக்க" என்றாராம். அறைக் கதவு சாத்தியபடி. உள்ளே ராக்கெட் கிளம்பும் சத்தம் கேட்டது என்றான் சுகிர்தன். சனிக்கிழமை மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி, "நாளைக்கு அவையின்ர வீட்டை ஒருக்காப் போய்ப் பாப்பம். நாங்கள் இன்னும் அந்தப் பக்கம் போகேல்லைத்தானே" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது இடத்தை விட்டுவிட்டுப் போகும்படி ஷெல்டனுக்குக் கண்டிப்பாகச் சொன்னோம். அவர்கள் காரில், வாழைப்பழச் சீப்போடும் கேக்கோடும் வந்தார்கள். தேத்தண்ணீருக்கு உதவி என்று யூஜினா என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். ஒரு சாட்சியும் தேவைப்பட்டிருக்கும்.

"இப்பதான் முதல்தரம் இந்தப் பக்கம் வாறம்" என்றார் பத்மாவதி, ஒருவரும் கேட்காமலே.

"ஓம் ஓம். வீடு தேடக் கஷ்டமா இருந்ததா?" என்றாள் யூஜினா, முகத்தில் ஒரு கோடும் அசையாமல்.

"ஒரு சொட்டுக் கஷ்டமும் இல்லை" என்ற இரத்தினசிங்கம், சொன்ன பிறகு இருமினார்.

பத்மாவதியின் கண் வீட்டைச் சுற்றியது. பிறகு கூடத்து மூலையில் நின்றது. "படி எங்கை?"

"என்ன படி அக்கா?"

"மேல போற படி. வளைஞ்சு வளைஞ்சு..."

யூஜினாவின் வீட்டுக்கு மேல்மாடியே இல்லை. தொடரில் வரும் அந்தப் படி, கொலன்னாவையில் ஒரு களஞ்சியத்துக்குள் பலகையில் அடித்தது. இரத்தினசிங்கம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைக் கழட்டிட்டாங்க" என்றேன் நான்.

"ஓ" என்றார் பத்மாவதி.

தட்டத்தில் தேத்தண்ணீர்க் கோப்பைகள் கிணுகிணுத்தன. கொண்டுவந்த டில்ஷானிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுகிர்தன் கைலேஞ்சியால் முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டான். பத்மாவதி மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையை எடுக்காமல் பிள்ளையை நேராகப் பார்த்தார்.

"பிள்ளை, உம்மட்டையே கேக்கிறன். முந்தி ஆரும் இருந்தவையோ?"

சிரிப்பு நின்றுவிட்டது. யூஜினா என் கையைப் பிடித்தாள். ஒருவன் இருந்தது எனக்குத் தெரியும். என்னிடம் விசாரிக்க வந்திருந்தால் மாதா மேல் சத்தியம் பண்ணி இல்லையென்றிருப்பேன்.

"ஒருத்தர் இருந்தார் அன்ரி" என்றாள் டில்ஷானி. "கம்பஸில. ஒண்டரை வருஷம். அவுஸ்திரேலியாவுக்குப் போனார், பிறகு கதைக்கிறதை விட்டிட்டார். சுகிக்குத் தெரியும்."

"நீர் அனுப்பேல்லை?"

"இல்லை அன்ரி. தானாத்தான் போனார்."

பத்மாவதி கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். சீனி காணாது என்று யூஜினாவிடம் சொன்னார். அது எங்களுக்கு நல்ல குறியாகப் பட்டது.

"அண்டைக்கே பிள்ளையிட்டை நேர கேட்டிருக்கலாம்" என்றார் புருஷனைப் பார்த்து.

"எண்டைக்கப்பா?" என்றார் இரத்தினசிங்கம் அவசரமாக. "இப்பதானே முதல்தரம் வாறம்."

"ஓம், ஓம். முதல்தரம்தான். ஆவணி முடியிறதுக்குள்ளை கலியாண எழுத்துக்கு ஒரு நாளைப் பாருங்கோ."