விடு

ஆபீஸ்ல அவளுக்குப் பேரே பட்டன்தான். ஃபோன்ல ஓடுற தொடர்ல கதை பாதில நின்னு "இப்ப என்ன பண்ணலாம்?"னு பாக்குறவங்களக் கேக்கும்ல, அப்ப கீழ ரெண்டு பட்டன் வருமே, அந்த ரெண்டு வார்த்தைய எழுதுறது இவ வேலை. வாரத்துக்கு மொத்தமே எட்டு வார்த்தை. அதுலயும் சொதப்பிட்டா.

சீன் இதான். மொட்டமாடி விளிம்புல வில்லன் தொங்குறான், நாயகி அவன் கையப் பிடிச்சிருக்கா. வில்லன் வேற யாருமில்ல, இவளோட அக்கா புருஷன். பதினாலு வருஷம் கூட்டத்துல பின்னாடி நின்னே நடிச்சவருக்கு இப்பதான் மூஞ்சி தெரியுற வேஷம். ஜனங்க காப்பாத்துனா வேஷம் நிக்கும், இல்லன்னா வீட்ல குந்த வேண்டியதுதான். ரெண்டு விதமாவும் எடுத்து வச்சாச்சு.

இவ சுருக்கமா எழுதுனா: "விடு", "விடாதே".

முப்பது செகண்டு ஓட்டு. அக்கா, மாமா, இவ, மூணு பேரும் சோஃபா நுனியில. "விடு" எழுவத்தெட்டு சதவீதம். நாயகி கைய விட்டா. மாமா சொய்ங்னு கீழ.

கமெண்டு கொட்டுது. "பாவம், போனாப் போகுது விடுன்னுதானே அமுக்குனோம்?" "மன்னிச்சு விடச் சொன்னா மாடில இருந்து விட்டுட்டீங்களேடா." "விடாதேன்னா அவன விடாம சாத்துவாங்கன்னு நெனச்சேன்."

அக்கா மெதுவாத் திரும்புனா. "ஏண்டி, காப்பாத்துன்னு எழுத கை வலிச்சுதா?"

"பட்டன்ல இடம் பத்தாதுக்கா."

"உங்க மாமாவுக்கும்தான் இப்ப எங்கயும் இடமில்ல."

"விழுந்தது நல்லா வந்திருக்குல்ல?"ன்னாரு மாமா, பாவமா.

மறுநாள் டைரக்டர் முன்னாடி போயி நின்னா. "தப்பு என்னோடது சார். என்னத் தூக்குங்க, அவரத் தூக்காதீங்க."

டைரக்டர் ஃபோன்லருந்து கண்ணையே எடுக்கல. "தொண்ணூறாயிரம் பேரு, எங்களக் கொலகாரங்க ஆக்கிட்டியேன்னு சண்டைக்கு நிக்கிறான். இத விட்டுட்டு நான் ஏம்மா ஆளத் தூக்கப் போறேன்? மறு ஓட்டு வையி. இந்தத் தடவ நாலு பேர்கிட்ட படிச்சுக் காட்டிட்டு எழுது."

"பொழைக்கட்டும்", "சாகட்டும்"னு எழுதுனா. மொத்த ஜனமும் பொழைக்கட்டும்னே அமுக்க, மாமா மணல் லாரி மேல விழுந்ததா ஆக்கி எழுப்பி உக்கார வச்சாச்சு.

அதோட முடிஞ்சிருந்தாத் தேவல. கொன்ன பாவத்தக் கழுவணும்னு ஜனங்க அவரத் தத்தெடுத்துக்கிட்டாங்க. கத்தி எடுத்தா "கீழ போடு"ன்னு அமுக்குறாங்க. மெரட்டப் போனா "சாரி கேளு"ன்னு அமுக்குறாங்க. போன வாரம் கடத்திட்டு வந்த கொழந்தைக்கு உக்காந்து ஹோம்வொர்க் சொல்லிக் குடுத்தாரு.

மாமா ஃபோன் போட்டாரு. "பட்டனு, ஒரே ஒரு அறை. யாரையாச்சும் அறையுற மாதிரி எழுதும்மா. வில்லன்னு வெளிய சொல்லிக்க முடியல."

"அவங்க அமுக்கணுமே மாமா."

"ரெண்டுலயும் அதையே எழுதிடேன்."

எழுதுனா. "அறை", "ஓங்கி அறை".

முப்பது செகண்டு ஓடிச்சு. ஒருத்தன்கூட அமுக்கல. ஒரு ஓட்டாச்சும் விழாம பட்டன் போகாது, கதையும் நகராது. நின்னது நின்னதுதான், இன்னிக்கு ரெண்டாவது நாளு. மாமா ஓங்குன கையோட அப்படியே நிக்கிறாரு. லட்சம் பேரு விடிஞ்சதும் ஃபோன எடுத்து, யாராச்சும் அமுக்கிட்டானான்னுதான் மொதல்ல பாக்குறான்.