மூன்று பேருக்கான அறை

"போன தடவை ஆன்லைன்ல நடத்தினப்ப இழவு வீடு மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் துறைத் தலைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். திரையில் அவர் முகம் குனிந்து நிமிர்ந்தது. மாநாட்டு ஒருங்கிணைப்பாளராக இருந்த அவள், "ஆமா மேடம், ஒருத்தரும் பேசிக்கல" என்று மட்டும் சொன்னாள். பிரசவ விடுப்பைப் பாதியிலேயே முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியிருந்தாள். குழந்தை பிறந்தபோது அழவில்லை. அதற்குப் பிறகு அவளும் அழவில்லை. வீட்டுக்கு வந்து போனவர்கள் அதைத் தைரியம் என்றார்கள்.

அது மண்ணியல் ஆய்வாளர்களின் மாநாடு, இந்த முறையும் ஆன்லைனில்தான். துறைத் தலைவர் கேட்டது ஒன்றுதான். "கட்டுரைய அவங்கவங்க படிச்சுக்குவாங்க. எனக்கு ஜனங்க பேசிக்கணும். காபிய கையில வச்சுக்கிட்டு ஓரமா நின்னு பேசுவோமே, அது வேணும். எப்படியாவது பண்ணு."

அவள் அதில் முழுமூச்சாக இறங்கினாள். ஆசையெல்லாம் ஒன்றுமில்லை, வேறு எதையும் யோசிக்காமல் இருக்கலாம் என்பதுதான். இடைவேளை வந்ததும் எல்லோரையும் சீட்டுக்கட்டுப் போலக் கலைத்து, மூன்று மூன்று பேராகத் திரையிலேயே சிறு அறைகளுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தாள். இரண்டு பேர் என்றால் ஒருவர் வாயை மூடினால் பேச்சு நின்றுவிடும். நான்கு பேர் என்றால் ஒருவர் ஓரமாகிவிடுவார். மூன்றுதான் சரியாக வந்தது. பட்டம், பதவி எதுவும் தெரியக்கூடாது, அழைக்கும் பெயர் போதும். ஆய்வைப் பற்றியே பேசிக் கழுத்தறுக்காமல் இருக்க, அறைக்கு ஒரு கேள்வி அட்டை. அட்டைகளைத் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில் எழுதித் தள்ளினாள். எழுதும்போது எதுவும் தோன்றவில்லை. ஆள் குறையும் அறையில் ஒருங்கிணைப்பாளரே ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார வேண்டும். அதில் மட்டும் அவள் பிடிவாதமாக இருந்தாள். யாரும் தனியாக இருக்கக்கூடாது.

கட்டுரை வாசிப்பவர்களில் அவள் கணவனும் ஒருவன். மண்புழுக்களை ஆராய்பவன். அதே வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் சண்டை எதுவும் இல்லை. பால் தீர்ந்ததையும் தண்ணீர் சுட்டதையும் சொல்லிக்கொண்டார்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்த அவன் எப்படியோ கற்றுக்கொண்டிருந்தான்.

முதல் நாள் இடைவேளையில் ஓர் ஆள் குறைந்தது. கணினி அவளை அந்த அறைக்குத் தள்ளியது. திரையில் மூன்று சதுரங்கள். ஒன்றில் ஆற்று வண்டலை ஆராயும், வழுக்கைத் தலை மினுங்கும் மனிதர். இன்னொன்றில் அவள் கணவன். நிமிர்ந்து அவளைப் பார்த்தவன், அறியாதவனைப் போல வணக்கம் சொன்னான். அவளும் சொன்னாள். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் இருவராலும் சொல்லியிருக்க முடியாது.

வண்டல்காரர் அட்டையை உற்சாகமாக வாசித்தார். "இந்த வருஷம் உங்க வீட்டுக்குப் புதுசா வந்தது என்ன? நல்ல கேள்வி. எங்க வீட்டுக்கு ஒரு பூனை வந்துச்சு. வந்துச்சுன்னா, மிரட்டிக்கிட்டு உள்ள வந்துடுச்சு. இப்ப நாங்கதான் அதுகிட்ட குடித்தனம் இருக்கோம். காலைல உங்க கட்டுரையக் கேட்டேன், நீங்க சொல்லுங்க, மண்புழு சார்."

அறையைக் கலைத்துவிடும் பொத்தான் அவளிடம் இருந்தது. விரல் அதன் மேலேயே நின்றது.

"ஒரு தொட்டில் வந்துச்சு" என்றான் கணவன். குரல் முதலில் சுவர் வழியாகவும், கொஞ்சம் தாமதித்துக் காதுக்கருவி வழியாகவும் வந்தது. "மரத்துல. இன்னும் பெட்டியப் பிரிக்கல."

"பிரிச்சுடுங்க சார். அந்தத் திருகாணியெல்லாம் உயிரை வாங்கிடும், கடைசி நேரத்துல முடியாது. எப்ப குழந்தை?"

"பொறந்துட்டா."

வண்டல்காரர் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் கையில வச்சிருந்தேன். என் மனைவி மயக்கத்துல இருந்தா. அவ முழிக்கறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க." அவன் கேமராவைப் பார்க்கவில்லை, எங்கேயோ கீழே பார்த்துப் பேசினான். "மூக்கு அப்படியே அவங்கம்மா மூக்கு."

மூக்கு என்ற சொல் அவளுக்கு இரண்டு முறை கேட்டது. திரையின் மூலையில் தன் சதுரத்தைப் பார்த்தாள். நுனியில் கொஞ்சம் மழுங்கிய, சாதாரண மூக்கு. அது தன்னுடையது என்றே தோன்றவில்லை. யாரோ அவளிடம் கொடுத்து வைத்த பொருளைப் போல இருந்தது. நெஞ்சுக்குள் எதுவும் அசைகிறதா என்று பார்த்தாள். இல்லை.

"மன்னிச்சுக்குங்க சார், தெரியாம..." என்றார் வண்டல்காரர். கொஞ்சம் பொறுத்து, "வீட்ல இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"தெரியல சார். கேக்க பயமா இருக்கு."

இடைவேளை முடியும் அறிவிப்பு வந்தது. வண்டல்காரர் நெஞ்சில் கையை வைத்துத் தலையசைத்தார். அவர் சதுரம் மறைந்தது. அறிவிப்பு வந்ததும் எல்லோரையும் மாநாட்டின் பொதுக் கூடத்துக்கு இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இந்த ஓர் அறையை மட்டும் மூடவிடாமல் அவள் பிடித்து வைத்தாள். துறைத் தலைவரின் செய்தி வந்து நின்றது: இன்னும் ரெண்டு பேர் வரலையே, பாரு.

அவள் அந்தச் செய்தியைத் திரையின் ஓரமாகத் தள்ளினாள்.

"முடி இருந்துச்சா?" என்று கேட்டாள். குரல் பல நாள் பேசாதவளுடையதைப் போல உடைந்து வந்தது. அவனுக்கும் அது சுவர் வழியாகத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பினான்.

"இருந்துச்சு" என்றான் சுவரைப் பார்த்தபடியே. "நிறைய."

பிறகு காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து கதவுப் பக்கம் போனான். அவன் சதுரத்தில் சுழல்நாற்காலி மட்டும் இருந்தது. அது மெதுவாக ஒரு பக்கம் திரும்பி, பாதியில் தயங்கி, மீண்டும் கொஞ்சம் திரும்பியது. அது நிற்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.