தாளிக்காத வீடு

பக்கத்து வீட்டில் கடுகு வெடித்து நான்கு நாளாகிவிட்டது. சந்தேகம் வர இது போதாதா?

எங்கள் வீட்டுக்கும் தபிதாள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவள் என்ன குழம்பு வைக்கிறாள் என்பது, அரக்கோணத்தில் ரயில் வேலை பார்க்கும் அவள் புருஷனுக்குத் தெரியாது. என் மூக்குக்குத் தெரியும். சனிக்கிழமை தவறாமல் கருவாடு வறுப்பவள். இந்தச் சனிக்கிழமை அதுவும் இல்லை. அம்மை கண்ட வீட்டில்தான் தாளிக்க மாட்டார்கள், வறுக்க மாட்டார்கள். எண்ணெய் புகைந்தால் ஆத்தாளுக்கு ஆகாது.

அதுவும் வைகாசி வெயில். மலையடிவாரத்தில் இரண்டு வீட்டில் அம்மை என்று ஏற்கெனவே பேச்சு.

திங்கட்கிழமை காலையில் அவள் வாசலில் மஞ்சள் தண்ணீர் ஓடியது. நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து. கொல்லையில் அண்டா வைத்து வேப்பிலையைக் கொதிக்கவிட்ட கசப்பு வாடை எங்கள் சமையற்கட்டு வரை வந்தது. அவள் மகள் ஜெயகுமாரியைக் கண்ணிலேயே காணோம். இதற்கு மேல் தமுக்கடித்துச் சொல்ல வேண்டுமா?

"ஏசுசாமியைக் கும்பிடறவங்களுக்கு வேப்பிலை எதுக்குங்க?" என்று என் வீட்டுக்காரர் சிவப்பிரகாசத்தைக் கேட்டேன்.

அவர் செய்தித்தாளை விட்டு நிமிரவே இல்லை. "சுத்தம் பண்ணிகினு இருப்பாங்க. யுத்தம் வந்ததிலேருந்து பினாயில் எங்க கெடைக்குது? உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்."

"நாலு நாளாவா ஒரு வீட்டைச் சுத்தம் பண்ணுவாங்க?"

அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அதன் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

தபிதாளையே கேட்டிருக்கலாம். ஆனால் போன வருஷம் சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் ஓடுவது என்று ஆரம்பித்த சண்டையில் எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. நானாகப் போய் வாயைத் திறப்பதாவது!

என் கவலை எனக்கு. வெள்ளிக்கிழமை திருவாலங்காட்டிலிருந்து என் மகள் வள்ளிநாயகியைப் பெண் பார்க்க வருகிறார்கள். நிலபுலன் உள்ள சைவக் குடும்பம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய், என் பெண் கண்ணாடி பார்ப்பதையே விட்டிருந்தாள். தெருவில் அம்மை என்று தெரிந்தால் எவன் உள்ளே காலெடுத்து வைப்பான்? அதற்குள் ஜெயகுமாரியை ஊருக்கு வெளியே இருக்கிற அம்மைக் கொட்டகைக்கு அழைத்துப் போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன். பாவம் என்றும் நினைத்தேன். ஆனாலும் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நேரே சுகாதார இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாளே வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, இரண்டு சிப்பந்திகளோடும் ஒரு மூட்டைச் சுண்ணாம்புத் தூளோடும் வந்து நின்றார். அதே நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து இரண்டு ஜட்காக்கள் தெருவுக்குள் திரும்பின. நானும் என் வீட்டுக்காரரும் வாசலுக்கு ஓடிவந்தோம்.

தபிதாள் சாம்பல் படிந்த கையோடு வெளியே வந்தாள். தேய்த்துக்கொண்டிருந்த செம்பைக்கூடக் கீழே வைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் உள்ளே போய் மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு வந்தார்.

"அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொண்ணு எங்கம்மா?"

"அவங்க அப்பாகிட்ட அரக்கோணம் போயிருக்குதுங்க. சுண்ணாம்பு அடிக்கிறப்போ அது குறுக்க வரும்னு அனுப்பிட்டேன்."

"அப்போ இந்த வேப்பிலை, மஞ்சத்தண்ணி?"

"மூட்டைப்பூச்சிக்கு வேப்பந்தண்ணிங்க. எறும்புக்கு மஞ்சளும் உப்பும். பக்கத்து வீட்டுக்குப் பொண்ணு பாக்க வராங்க, கருவாடு மட்டும் வறுக்காதம்மான்னு சிவப்பிரகாசம் அண்ணன் வந்து கேட்டுக்கினாரு. ஆங், சரிண்ணேன்னேன். சுவரு ஒண்ணுதானே? எங்க ஊட்டு மூட்டைப்பூச்சி அந்தாண்ட போயி சம்பந்திங்களைக் கடிச்சா அக்காவுக்கு அவமானமில்லையா? அதான் வீடு பூரா சுத்தம் பண்ணி, அடுப்பையும் இடிச்சிப் புதுசா போட்டேன். அது காயற வரைக்கும் கொல்லையில மூணு கல்லு வெச்சிக் கஞ்சி காச்சிக் குடிக்கிறேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சொன்னால் நான் சண்டைக்குப் போவேன் என்று மறைத்திருக்கிறார். போயிருப்பேன்தான்.

மாப்பிள்ளையின் பெரியப்பா தணிகாசலம் ஜட்காவை விட்டு இறங்கி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நெருப்பில்லாம புகையுமா? சர்க்கார் ஆளு சும்மாவா வருவாரு? தெருவில எங்கியோ அம்மை இருக்குது. வண்டியைத் திருப்புப்பா," என்றார்.

இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் சம்பந்தம் போய்விடும். நான் தெருவில் இறங்கினேன்.

"தெருவில அம்மை இல்லைங்க. நான்தான் போய்ச் சொன்னேன். கடுகு தாளிக்கலன்னு, வேப்பிலை வெச்சிருக்காங்கன்னு, நானா நெனைச்சிகினேன். தப்பு என்னுதுங்க. உள்ள வாங்க."

தபிதாள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குனிந்து செம்பைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

 பெரியவர் என் வீட்டுக்காரரிடம், "அம்மைன்னா மூணு தண்ணி ஊத்தினா எறங்கிடும், சிவப்பிரகாசம். இந்தச் சந்தேகம் எறங்குமா?" என்று கேட்டுவிட்டு ஜட்காவில் ஏறிக்கொண்டார். இரண்டு வண்டிகளும் ஸ்டேஷன் பக்கம் திரும்பிப் போயின.

கதவுக்குப் பின்னால் தலை நிறையப் பூவோடு நின்றிருந்த வள்ளிநாயகி வெளியே வந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய், தபிதாளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.