கழுத்தோடு திரும்பிய கட்டடம்

மேனேஜர் கழுத்தை இடப்பக்கம் திருப்பினால் அலுவலகக் கட்டடமும் இடப்பக்கம் திரும்பியது. முதல் தடவை அதைத் தலைசுற்றல் என்றுதான் நினைத்தார். காசாளர் மேசையோடு வழுக்கிக்கொண்டு அவர் அறைக்குள் வந்து சேர்ந்து, "கூப்பிட்டீங்களா சார்?" என்று கேட்ட பிறகுதான் சுற்றுவது தலை மட்டுமல்ல என்று புரிந்தது. ஊழியர்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். நாற்காலிகளை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினார்கள். டீயை அரை தம்ளரோடு நிறுத்தினார்கள். வாடிக்கையாளர்கள் வாசல் தங்கள் பக்கம் வரும்வரை தெருவில் நின்றார்கள்.

மேனேஜருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பதவி உயர்வுக்கு அவர் பெயர் போயிருந்தது. டைரக்டர் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, தசை இறுகிவிட்டது என்று சொல்லி, சில நாளைக்கு மட்டும் என்று கழுத்துப் பட்டை மாட்டிவிட்டார். வருடக்கணக்கில் முகவாயைத் தூக்கி, எதிரே நிற்பவரின் உச்சந்தலைக்கு மேலே பார்த்தே பேசிவந்தவருக்கு அது அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. கழற்றவே மனமில்லை. மாதக்கணக்கில் மாட்டியதில் கழுத்து வலுவிழந்து, கடைசியில் அவர் தும்மினாலே கட்டடம் ஒரு முழுச்சுற்று வந்தது.

"பட்டையைக் கழட்டுங்க சார்," என்றாள் டாக்டர் அனுப்பிவைத்த பிசியோதெரபிஸ்ட். "முகவாயை உள்ள இழுத்து, மெதுவா குனிங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் திருப்புங்க. ஆபீஸ்லயும் மணிக்கு ஒரு தடவை செய்யணும்."

"அங்க எல்லாரும் எனக்குக் கீழ வேலை பாக்கறவங்கம்மா."

"அது கழுத்துக்குத் தெரியாது சார்."

வீட்டில் மனைவியும், "குனிஞ்சா கிரீடம் விழுந்துடுமா? செய்ங்க," என்றாள்.

மறுநாள் ஆபீஸில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குனிந்தார். கட்டடம் அசைந்ததில் கதவு திறந்துகொண்டது. வெளியே இருந்த காசாளர் தனக்குத்தான் வணக்கம் என்று எழுந்து நின்று பதிலுக்குக் குனிந்தார். அன்றிலிருந்து மணிக்கொரு தடவை அலுவலகமே குனிந்து நிமிர்ந்தது. சுற்றலும் படிப்படியாகக் குறைந்தது.

டைரக்டர் வந்து, மேனேஜரின் உச்சந்தலைக்கு மேலே பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. மேனேஜர் ஒரு கணம் தயங்கினார். பிறகு டைரக்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, காசாளரைப் பார்த்துக் குனிந்தார். ஊழியர்கள் எல்லோரும் பதிலுக்குக் குனிந்தார்கள்.

"இங்க பெரியவர் யாருய்யா?" என்று கேட்டுவிட்டு, டைரக்டர் முகவாயைத் தூக்கியபடி காரில் ஏறினார். பதவி உயர்வு வேறு யாருக்கோ போனது.

கட்டடம் அதற்குப் பிறகு அசையவில்லை. வாசல் பின்தெருவைப் பார்த்தபடி நின்றுபோனதால் பெயர்ப்பலகையை அந்தப் பக்கம் மாற்றி மாட்டினார்கள். சில மாதம் கழித்து, தலைமை அலுவலகம் லேசாக வலப்பக்கம் நகர்ந்ததாகச் செய்தி வந்தது. காசாளர் ஜன்னல் கம்பிகளிலிருந்து கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டி, பார்சல் கட்டி அங்கே அனுப்பிவைத்தார்.