ஜெயம் ஒளித்து வைத்த மூக்குக்கண்ணாடி

"எங்கேம்மா வச்ச என் கண்ணாடிய? மரியாதையா எடுத்துக் குடு!"

"குடுக்க மாட்டேன்டி! இன்னா பண்ணுவ? விழுப்புரத்துக்காரங்க வந்துட்டுப் போற வரைக்கும் அது உன் கண்ணுல படாது!"

"லென்ஸ எட்டு மணி நேரத்துக்கு மேல போடக் கூடாதும்மா. காலையிலேந்து கண்ணு எரியுது."

"அப்ப ஒண்ணுமே போடாத. யாரு போடச் சொன்னா?"

"போடாம வாசல்ல நின்னா, கண்ணச் சுருக்கிக்கினு பார்க்காத, தெருவே பார்க்குதுன்னு நீதானம்மா கத்தின!"

நான் மதில் ஓரம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றே துணி. அன்றைக்கு அதற்கு அரை மணி நேரம் பிடித்தது.

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் விமானத்தில் ஏறினவர்கள் மூன்று பேர். விமானம் ஓட்டுகிறவள் ஒருத்திதான், பக்கத்து வீட்டுக் கலையரசி. இரண்டு வருஷமாக ஒரு கம்பெனியில் துணை பைலட். ஆனால் விமானம் ஓட்டும் சட்டதிட்டம் மட்டும் தெருவில் எல்லாருக்கும் அத்துப்படி. கண்ணாடி போட்டவர்களைப் பைலட் வேலையில் வைக்க மாட்டார்கள் என்பது அதில் முதல் சட்டம். அதை யார் கிளப்பிவிட்டது என்று கேட்டால் என் பெயரும் வரலாம்.

கலையின் அம்மா ஜெயம் அதை நம்பியதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் விருத்தாசலம் விழுப்புரத்தில் ரயில் என்ஜின் ஓட்டியவர். ஒரு வருஷம் கண் பரிசோதனையில் தேறவில்லை. என்ஜினிலிருந்து இறக்கி ஆபீசில் ஃபைல் அடுக்க வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் மனுஷன் பிளாட்பாரம் பக்கமே போகாமல், சுற்றுவழியில் ஆபீஸ் போய் வந்தார். அதைக் கூட இருந்து பார்த்தவள் ஜெயம்.

"எனக்கு மைனஸ் ஒண்ணேகால்தாம்மா. கம்பெனிக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். கண்ணாடியோ லென்ஸோ போட்டுக்கினு ஓட்டலாம், உபரியா ஒரு கண்ணாடி கையில இருக்கணும்னு சர்டிபிகேட்லயே எழுதியிருக்காங்க" என்றாள் கலை.

"அவ சொல்றது நெசந்தான் ஜெயம், நானே படிச்சேன்" என்றார் விருத்தாசலம், உள்ளேயிருந்து.

"நீ சும்மா இருய்யா! உனக்கும் இப்படித்தான் ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னானுங்க. இந்தத் தெருவுல ஒருத்தி பார்த்தா போதும், நாளைக்கே கம்பெனிக்கு மொட்டைக் கடுதாசி போவும்."

ஒருத்தி என்றது என்னைத்தான். நான் வாயால் பேசுகிறவள். கடுதாசி எழுதி எனக்குப் பழக்கமில்லை. துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு விழுப்புரத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. மாப்பிள்ளை புகழேந்திக்கு மின்வாரியத்தில் வேலை. 'எங்க பொண்ணுக்குக் கண்ணு கழுகுக் கண்ணு' என்று ஜெயம் போனிலேயே அளந்துவிட்டிருந்தாள்.

அன்று மதியம் என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"பூமாலக்கா, பன்னீர் இருக்குதா? புள்ள கண்ணு செவசெவன்னு கெடக்குது."

தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் தெளித்து மிஞ்சியது பாதி பாட்டில் இருந்தது. கொடுத்தேன். கேசரி கிளறுவதற்கு என்னையும் கூப்பிட்டிருந்ததால் கூடவே போனேன்.

கலை லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு குழி உள்ள சின்ன டப்பி. குழிக்கு ஒன்றாக லென்ஸ், மேலே ஏதோ மருந்துத் தண்ணீர். ஜெயம் முகர்ந்து பார்த்தாள்.

"ஆஸ்பத்திரி வாடை அடிக்குதுக்கா. இதப் போட்டா எரியாம இன்னா பண்ணும்?"

மருந்தைக் கவனமாக வடித்துக் கொட்டிவிட்டு, இரண்டு குழியிலும் பன்னீரை நிரப்பி மூடினாள். லென்ஸ் வழிந்து போய்விடக் கூடாதென்று வடிக்கும்போது விரலை அணை கொடுத்திருந்தாள். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நாங்கள் குழந்தைகளுக்கு விட்டதுதானே பன்னீர்? நானும் பக்கத்தில் நின்று, "நல்லா முங்கட்டும்" என்றேன்.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கார் வந்து நின்றது. "ஜல்தி, ஜல்தி" என்று ஜெயம் மகளை எழுப்பினாள். கலை அரைத் தூக்கத்தில் வலது கண்ணில் லென்ஸை வைத்தாள். வைத்ததும் உடம்பு தூக்கிப் போட்டது.

"எரியுதும்மா! இன்னா ஊத்தின இதுல?"

"பன்னீர்டி. குளிர்ச்சியா இருக்கும்."

கலை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஜெயம் சிரித்துக்கொண்டு நின்றாள், எவ்வளவு நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்று. அதற்குள் கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். "பொண்ணக் கூப்புடுங்க" என்று குரல் வந்தது. இடது லென்ஸைத் தொடவில்லை. வலது கண்ணில் போட்டதோடு தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு மணி நேரம். வலது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா நெகிழ்ந்து போனாள். "பிளேன் ஓட்டுற பொண்ணுன்னா திமிரா இருக்கும்னு நெனச்சேன். எவ்வளவு வெட்கம் பாரு" என்றாள். எழுந்துபோய்க் கழற்றிவிட்டு வந்தால் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும், ஜெயம் சொன்ன கழுகுக் கண் பொய்யாகிப்போகும். கலை எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போர்வைக்குள் கிடந்தாள். கருவிழியில் மிளகில் பாதி அளவு வெள்ளைப் புள்ளி. புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, ஒன்றரை மாதம். புண் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது. அதுவும் ஓரமாக இல்லை, நட்டநடுவில். எந்தக் கண்ணாடி போட்டாலும் வலது கண்ணுக்கு, கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையில் பாதிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. விமானத்துறை மருத்துவர் மூன்று முறை பார்த்துவிட்டு, பறக்கத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார். கண்ணாடிக்காக இல்லை. கண்ணாடி அப்போதும் செல்லும்தான்.

ஆஸ்பத்திரியில் அந்த டப்பியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிருமி அதில்தான். "வாசனை வருதே, யாரும்மா இதுல எதையோ ஊத்தினது?" என்று டாக்டர் கேட்டாராம். "நான்தான் சார்" என்றாளாம் கலை. வெளியே மருந்துக்கடையில் நின்ற அம்மாவிடம் வந்து, "ரன்வே தூசும்மா. ரொம்ப நாளா உள்ள இருந்திருக்கு" என்றாளாம்.

இதை எனக்குச் சொன்னவர் விருத்தாசலம். மதில் ஓரம் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "ஜெயத்துக்குத் தெரிய வேணாங்கக்கா. தாங்க மாட்டா."

பதினொரு நாள் காப்பாற்றினேன். என் வாய்க்கு அது பெரிய காரியம். பன்னிரண்டாம் நாள் ரேஷன் கடை வரிசையில் எங்கள் தெருக் காந்திமதி, "புள்ள ராத்திரி பகலா போன் நோண்டித்தான் கண்ணு போச்சாம்" என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணைப் பற்றி அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. நியாயம் பேசுவதாக நினைத்துக்கொண்டு உள்ளதைச் சொல்லிவிட்டேன். சர்க்கரை வாங்கி நான் வீடு திரும்புவதற்குள் அது ஜெயம் வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

அந்த வீட்டில் கத்தல் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. மதிலில் காதை வைத்த பிறகுதான் கேட்டது.

"பன்னீராலயா கலை?"

"யாரு சொன்னா? பூமாலத்தையா? அதுக்கு வேற வேல இல்லம்மா."

"சொல்லுடி."

"தூசும்மா. டாக்டர் சொன்னாரு."

"என்னப் பார்த்துச் சொல்லு."

நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "தூசுதாம்மா" என்றாள், அம்மாவைப் பார்த்தேதான் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் ஜெயம் அழ ஆரம்பித்தாள். அழுகை என்றால் சத்தம் போட்டு இல்லை. அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிற சத்தத்தோடு சேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டது.

நான் மறுநாள் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஜெயம் கதவைத் திறந்து, "வாங்கக்கா, உட்காருங்க" என்று காப்பி கொடுத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். எதிரே உட்கார்ந்து, அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்ததா என்று மட்டும் கேட்டாள்.

விழுப்புரத்திலிருந்து பிறகு போன் வரவில்லை. புகழேந்திக்கு அடுத்த தையில் மயிலத்தில் ஒரு டீச்சரோடு கல்யாணம் நடந்தது. கலை ஐதராபாத்துக்குப் போய், அதே கம்பெனியில் தரையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டப்போகும் விமானத்துக்கு வழியும் எரிபொருளும் கணக்குப் போட்டுக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தாள். அங்கேயே தென்னரசு என்கிற பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். விருத்தாசலமும் ஜெயமும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு விழுப்புரத்துக்கே குடிபோய்விட்டார்கள். சாமான் வண்டி கிளம்பியபோது நான் வாசலில்தான் நின்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார், அவள் முன்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மகள் வாரம் தவறாமல் கூப்பிடுகிறாளாம். அவர் வருஷத்துக்கு இரண்டு தடவை ரயிலில் ஐதராபாத் போய் வருகிறார். ஜெயம் இன்றுவரை ஒருமுறைகூடப் போகவில்லை.